வீட்டுக்குப் பெரிய மீன் தொட்டி: எந்த அளவு வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் 3 அடிக்கு மேல் நன்னீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கடல்மீன் தொட்டிக்குக் கணக்கே வேறு, அதை இங்கே தொடவில்லை. கீழே வரும் அளவுகள் எல்லாம் அடிக்கணக்கு. நீளம் × அகலம் × உயரம் என்ற வரிசை. இந்த வரிசை கடைக்குக் கடை மாறும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது வெறும் எண்களைச் சொல்லாதீர்கள். "நீளம் 4, அகலம் 2, உயரம் ஒன்றரை" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். ஒட்டி முடித்த தொட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

எவ்வளவு இருந்தால் பெரிய தொட்டி?

200 லிட்டரைத் தாண்டினால் பெரிய தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை தொட்டியை வைக்கும் இடம், ஸ்டாண்டு, தண்ணீர் எதையும் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. அதற்கு மேலே போனால் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் கண்ணாடிப் பேச்சே எடுக்க வேண்டும்.

அடியை லிட்டராக மாற்றுவது எப்படி?

மூன்று அளவுகளையும் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்குங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்.

3 × 1.5 × 1.5 = 191 லிட்டர்
4 × 1.5 × 1.5 = 255 லிட்டர்
4 × 2 × 1.5 = 340 லிட்டர்
4 × 2 × 2 = 453 லிட்டர்
5 × 2 × 2 = 566 லிட்டர்
6 × 2 × 2 = 680 லிட்டர்
6 × 2.5 × 2 = 850 லிட்டர்

இது வெளி அளவை வைத்துப் போட்ட கணக்கு. கண்ணாடியின் தடிமன், மேலே விடும் 2 அங்குல இடைவெளி, அடியில் போடும் மணல், கல் எல்லாவற்றையும் கழித்தால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 10 முதல் 15 சதவீதம் குறையும். மருந்து போடும்போது இந்தக் குறைந்த அளவைத்தான் எடுக்க வேண்டும். 453 என்று நினைத்து 390 லிட்டரில் மருந்தைக் கொட்டினால் மீனுக்குக் கூடுதல் டோஸ் போகிறது.

நீளம், அகலம், உயரம்: கூடுதலாகச் செலவழிப்பதென்றால் எதில்?

முதலில் அகலம், அடுத்து நீளம், கடைசியில்தான் உயரம். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உயரமான தொட்டி பார்க்க எடுப்பாக இருக்கிறது, தரையில் இடமும் அடைப்பதில்லை.

4 × 2 × 1.5, 4 × 1.5 × 2 ஆகிய இரண்டிலும் தண்ணீர் ஒன்றுதான், 340 லிட்டர். முதல் தொட்டியின் நீர்ப்பரப்பு 8 சதுர அடி, இரண்டாவதில் 6 சதுர அடிதான். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் ஏறுவது இந்த மேற்பரப்பு வழியாக. மீன் திரும்பவும், தன் எல்லையைப் பிரித்துக்கொள்ளவும் உதவுவது தரைப்பரப்பு. இரண்டு வகையிலும் முதல் தொட்டியே மேல்.

கண்ணாடிக்கும் இதே கதைதான். தண்ணீர் கண்ணாடியை எவ்வளவு தள்ளும் என்பதை முடிவு செய்வது உயரம். 4 அடி நீளமுள்ள முன்கண்ணாடியில் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றால் மொத்தம் சுமார் 125 கிலோ விசை. 2 அடி நின்றால் சுமார் 225 கிலோ. உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, விசையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கை நெருங்குகிறது. தொட்டியின் அகலத்தை 1.5 அடியிலிருந்து 3 அடியாக்கினாலும் முன்கண்ணாடிக்குச் சுமை கூடாது. எனவே அகலத்தைக் கூட்டினால் அடிக்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் கொஞ்சம் கூடுதல் காசு, அவ்வளவுதான். உயரத்தைக் கூட்டினால் எல்லாக் கண்ணாடியையும் ஒரு படி தடிமனாக்க வேண்டும்.

கை எட்டுவதையும் யோசியுங்கள். இரண்டரை அடி ஸ்டாண்டின் மேல் 2 அடித் தொட்டி இருந்தால், அடிமணலைத் தொட ஸ்டூல் போட்டு ஏறி அக்குள் வரை கையை விட வேண்டும். இரண்டரை அடி உயரத் தொட்டியில் பெரும்பாலானவர்களுக்குக் கை எட்டவே எட்டாது. அதன் அடியில் விழுந்த செத்த மீனை எடுக்க நீளக் கைப்பிடி வலை வேண்டும். சுத்தம் செய்யச் சிரமமான தொட்டியை நாளடைவில் யாரும் சுத்தம் செய்வதில்லை.

அப்படியானால் ஒரு சாதாரண வீட்டுக்கு எந்த அளவைப் பரிந்துரைப்பீர்கள்?

எந்த மீன் என்று முடிவாகவில்லை, ஆனால் பெரிதாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு 4 × 2 × 1.5. லிஃப்டில் அல்லது படியில் ஏறும், 10 மி.மீ. கண்ணாடி போதும், ஒருவரே பராமரிக்கலாம், பெரும்பாலான மீன் இனங்களுக்கு இடமும் போதும். ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற உயரமான மீன்கள்தான் விருப்பம் என்றால் 4 × 2 × 2.

எந்த மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

கடையில் பார்க்கும் குட்டியின் அளவை மறந்துவிடுங்கள். முழு வளர்ச்சி அளவைக் கேளுங்கள். ஓர் அடி வரை வளரும் மீன் என்றால், தொட்டியின் நீளம் அந்த அளவைப் போல் குறைந்தது 4 மடங்கும், அகலம் ஒன்றரை மடங்கும் இருந்தால் மீன் முட்டாமல் திரும்பும்.

ஆஸ்கார் ஓர் அடி வளரும். ஒன்று மட்டும் என்றால் 4 × 1.5 × 1.5 குறைந்தபட்சம், ஜோடிக்கு 5 × 2 × 2 இருந்தால் சண்டை வரும்போது ஒதுங்க இடம் கிடைக்கும். ஃபிளவர்ஹார்னும் ஓர் அடிதான், ஆனால் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். 4 × 1.5 × 1.5 அதற்குத் தாராளம். ஜோடி சேர்க்க நடுத்தடுப்பு போடுவது தனி வேலை.

கோல்டு ஃபிஷ்ஷைப் பெரிய தொட்டி மீனாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் நன்றாக வளர்ந்த ஒராண்டா 6 முதல் 8 அங்குலம் வரும், கழிவும் அதிகம். ஒன்றுக்கு 40 முதல் 50 லிட்டர் ஒதுக்கினால் 4 × 1.5 × 1.5 தொட்டியில் ஐந்து மீன். அந்த ஐந்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே" என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். ஓராண்டு பொறுங்கள்.

டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன், ஆறுக்குக் குறையாமல் வைக்க வேண்டும்; ஒன்றுக்கு 40 லிட்டர், 18 அங்குலத் தண்ணீர் ஆழம். 28 முதல் 30 டிகிரி வெப்பம் இதற்குப் பிடிக்கும் என்பதால் நம் ஊர் வெயில் அதிகத் தொல்லை தராது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீனான மிஸ் கேரளா 6 அங்குலம் வளரும், ஆறேழு சேர்த்து 4 அடித் தொட்டியில் விட்டால் நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் மீன் அது; மே மாதத்தில் அதைக் காப்பாற்றுவது சிரமம்.

அரோவானாவில் சில்வர் தொட்டியிலேயே இரண்டரை அடி வரை போகும். 8 × 3 தரைப்பரப்பு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஆசிய வகை சுமார் 2 அடி வளரும், 6 × 2.5 × 2 அதற்கு ஆரம்பம். அகலம் குறைந்த தொட்டியில் உடலை மடித்துத் திரும்பித் திரும்பி முதுகெலும்பு வளைந்துபோன அரோவானாக்கள் உண்டு. எந்த வகையானாலும் எகிறும். கனமான மூடி, அதன் மேல் பூட்டு அல்லது எடை கட்டாயம்.

கடையில் 3 அங்குலக் குட்டியாக விற்கும் சுறா, சக்கர் மீன்களை வாங்கலாமா?

"ஷார்க்" என்று விற்கும் பங்காசியஸ் ஒரு கெளுத்தி வகை. உணவுக்காகப் பண்ணைகளில் வளர்த்து மீன் சந்தையில் கிலோ கணக்கில் விற்பதும் இதுதான். 3 அடிக்கு மேல் வளரக்கூடியது. ரெட் பெல்லி பாக்குவும் உணவுக்காக வளர்க்கப்படும் பெரிய மீன்தான். சந்தையில் அதற்குப் பெயர் ரூப்சந்த். ரெட் டெயில் கேட் ஃபிஷ் 3 அடியைத் தாண்டும். இவை எதற்கும் வீட்டுத் தொட்டி அளவு என்று ஒன்று கிடையாது. பாசி தின்ன என்று தள்ளிவிடப்படும் சாதாரண சக்கர் மீன் ஓர் அடியைத் தாண்டும், தின்பதைவிட அதிகமாகக் கழிவைச் சேர்க்கும்.

வளர்ந்தபின் ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். சக்கர் மீன் இன்று நம் ஏரிகளிலும் மீனவர் வலையில் சிக்கி வலையைக் கிழிப்பது இப்படி விட்டதால்தான். வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

தொட்டியின் அளவுக்கு ஏற்பத்தான் மீன் வளரும் என்கிறார்களே?

நெருக்கடியில் மீனின் வளர்ச்சி குன்றுவது உண்மை. கழிவு தேங்கிய தண்ணீரும் இடமின்மையும் அதன் வளர்ச்சியை மந்தமாக்கும், உடல் கோணும், ஆயுள் குறையும். அதைத் தகவமைப்பு என்று சொல்ல முடியாது.

ஓர் அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு சரியா?

டெட்ரா, கப்பி போன்ற 2 அங்குலத்துக்கு உட்பட்ட ஒல்லி மீன்களுக்கு ஓர் அங்குலத்துக்கு 3 முதல் 4 லிட்டர் என்று வைத்தால் ஓடும். பெரிய மீனுக்கு உதவாது. 12 அங்குல ஆஸ்காரின் உடல் எடை, 1 அங்குல டெட்ரா பன்னிரண்டின் எடையைப் போல் பல மடங்கு. கழிவும் அப்படியே.

எங்கள் வீட்டு மாடித் தளம் எடையைத் தாங்குமா?

அதிகம் வரும் கேள்வி இது. ஆனால் தொட்டி வந்து இறங்கிய பிறகே பலரும் கேட்கிறார்கள்.

முதலில் மொத்த எடை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, தடிமனின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2.5 கிலோ. 4 × 2 × 2 தொட்டியை 12 மி.மீ. கண்ணாடியில் செய்தால் கண்ணாடி மட்டும் 90 கிலோ, தண்ணீர் 400, 2 அங்குல மணல் 60, கல்லும் கட்டையும் 20 முதல் 30, இரும்பு ஸ்டாண்டு 50 முதல் 60. ஆக மொத்தம் 620 முதல் 640 கிலோ. இதேபோல் கணக்கிட்டால் 4 × 1.5 × 1.5 தொட்டி 360 கிலோ, 4 × 2 × 1.5 தொட்டி 470 கிலோ, 6 × 2 × 2 தொட்டி 930 கிலோவுக்குப் பக்கத்தில் வரும்.

குடியிருப்புக் கட்டடங்களின் அறைத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 18, 19 கிலோ. நம் 640 கிலோத் தொட்டி 8 சதுர அடியில் உட்கார்ந்தால் சதுர அடிக்கு 80 கிலோ வருகிறது. இதைப் பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். அந்த 200 கிலோ அறை முழுவதும் பரவும் சுமைக்கான எண். 10 × 12 அடி அறைக்கு மொத்தம் 2,200 கிலோ வரும். ஓர் இடத்தில் குவியும் சுமையை ஸ்லாபு எப்படித் தாங்கும் என்பது அந்த இடம் பீமுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, ஸ்லாபு இரண்டு பீம்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் தாண்டி நிற்கிறது, எத்தனை கம்பி போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

நடைமுறையில், தரைத்தளத்தில் கெட்டியான மண்ணின் மேல் போட்ட தளமாக இருந்தால் எந்த அளவும் வைக்கலாம். மாடியில் 250 லிட்டர் வரை, அடியில் பீம் ஓடும் சுவரை ஒட்டி நீளவாக்கில் வைத்தால் நல்ல நிலையில் உள்ள ஆர்.சி.சி. கட்டடத்தில் பொதுவாகச் சிக்கல் வராது. 340 லிட்டரில் இருந்து கட்டட வரைபடத்தோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கேட்பது நல்லது. 450க்கு மேல் கேட்காமல் வைக்கவே கூடாது. கொத்தனாரின் "தாங்கும் சார்" போதாது.

வைக்கவே கூடாத இடங்கள்: அறையின் நடு, தூக்கி நிற்கும் பால்கனி, குளியலறையை ஒட்டித் தாழ்த்திப் போட்டு ரப்பீஸ் (கட்டட இடிபாடு) நிரப்பிய பகுதி, ஏற்கெனவே அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் ஸ்லாபு. பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டிய மாடி, பெரிய தொட்டிக்கு ஆகாது.

வாஸ்துப்படி வடகிழக்கு மூலையில்தான் வைக்க வேண்டுமாமே?

அந்த மூலையில் பீமும் இருந்தால் எல்லாருக்கும் நல்லது. இல்லாவிட்டால் பீமைத்தான் கேட்க வேண்டும்.

வேறு எங்கெல்லாம் வைக்கக் கூடாது?

மேற்கு வெயில் விழும் ஜன்னலருகே வைத்தால் பாசியும் சூடும் சேர்ந்து வரும். பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலே வேண்டாம். ஒயர் தொட்டியில் இருந்து கீழே தொங்கி வளைந்து மேலேறி பிளக்குக்குப் போகட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பின்னால் சுவருக்கும் தொட்டிக்கும் 4 முதல் 6 அங்குலம், முன்னால் நின்று வேலை செய்ய இரண்டரை அடி, மேலே மூடியைத் தூக்க ஒன்றரை அடி விடுங்கள்.

கொசுவிரட்டி முக்கியமான விஷயம். லிக்விட், சுருள், ஸ்பிரே மூன்றிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதர்களைவிட மீனுக்குப் பல மடங்கு விஷம். ஏர் பம்ப் அறைக்காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் தள்ளுகிறது. படுக்கையறையில் தினமும் கொசுவிரட்டி எரியும் என்றால் தொட்டியை அங்கே வைக்காதீர்கள்.

கண்ணாடி எத்தனை மி.மீ. போட வேண்டும்?

உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு 4 அடி நீளம் வரை 8 மி.மீ. கணக்குப்படி போதும், 10 போட்டால் நிம்மதி. 2 அடி உயரத்துக்கு 4, 5 அடி நீளத்தில் 12 மி.மீ.; 6 அடி நீளத்தில் மேல் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டியும் நடுவில் குறுக்குப் பட்டியும் ஒட்டினால் 12, பட்டியே இல்லாமல் திறந்த தொட்டியாக வேண்டும் என்றால் 15. இரண்டரை அடி உயரத்தில் 6 அடி நீளம் என்றால் 19 மி.மீ.க்குப் போய்விடும், விலையும் எடையும் அங்கேதான் எகிறுகின்றன.

விலையைக் குறைக்கக் கண்ணாடியை ஒரு படி மெல்லியதாக்கிக் கொடுப்பது உண்டு. டெலிவரி எடுக்கும்போது டேப் வேண்டாம், வெர்னியர் (தடிமனைத் துல்லியமாக அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள். முழுக்கத் தண்ணீர் நிரப்பியதும் நடுவில் 2, 3 மி.மீ. வெளியே உப்புவது இயல்பு. அதைவிட அதிகமாகத் தெரிந்தால் தண்ணீரைப் பாதியாக இறக்கிவிட்டுக் கடையைக் கூப்பிடுங்கள்.

டஃபண்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி போட்டால் இன்னும் பாதுகாப்புதானே?

வளைவைத் தாங்கும், உண்மை. ஆனால் ஓரத்தில் ஒரு கல் பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் தூளாகும். மொத்தத் தண்ணீரும் கூடத்தில் ஓடும். சாதாரணக் கண்ணாடி விரிசல்தான் விடும், வாளியைத் தேட நேரம் கிடைக்கும். டஃபண்டு ஆக்கியபின் துளை போடவும் முடியாது. சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) வைக்கத் துளை வேண்டும் என்றால் முன்னரே சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தடிமனான சாதாரணக் கண்ணாடியே எங்கள் தேர்வு.

ஸ்டாண்டு எப்படி இருக்க வேண்டும்?

4 அடித் தொட்டிக்கு 40 × 40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. தடிப்பு. 6 அடிக்கு 50 × 50, ஆறு கால்கள். மேல் சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். கால்களின் பக்கவாட்டில் வெல்டு வைத்து ஒட்டினால் முழு எடையும் வெல்டில் தொங்கும். மேலே 18 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட். தொட்டியைவிட ஸ்டாண்டு ஒரு அங்குலம்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது.

டைல்ஸ் தரையில் வெறும் கால்களாக நிறுத்தினால், அடியில் சிமென்ட் சரியாக நிரம்பாத டைல் உடையும். தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் அந்த இடம் வேண்டாம். கால்களுக்கு அடியில் நீளவாக்கில் இரும்புச் சட்டம் ஓடவிட்டால் சுமை பரவும்.

பிளைவுட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே 10 மி.மீ. தெர்மாக்கோல் அல்லது ரப்பர் ஃபோம் ஒரே துண்டாக. சின்ன மேடுபள்ளத்தை அது விழுங்கும், சாய்வைச் சரிசெய்யாது. ரசமட்டம் வைத்து நீளம், அகலம் இரண்டிலும் பாருங்கள். கால்வாசித் தண்ணீர் ஊற்றியதும் மீண்டும் பாருங்கள். சரிசெய்யும் வேலை ஸ்டாண்டின் காலுக்கு அடியில் நடக்க வேண்டும். தொட்டிக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் அட்டையைச் செருகினால் அந்த இடத்தில்தான் அடிக்கண்ணாடி விரியும்.

6 அடித் தொட்டியை மூன்றாம் மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது?

வெறும் தொட்டியே 130 கிலோ வரும், ஐந்தாறு பேர் வேண்டும். படிக்கட்டு திரும்பும் இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். தொட்டியின் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி அல்லது தெர்மாக்கோல் சட்டம் செய்து அதை முதலில் ஏற்றிப் பாருங்கள். போகாது என்றால் கண்ணாடியை வெட்டிக் கொண்டுவந்து வீட்டிலேயே ஒட்டச் சொல்லலாம். சென்னை கொளத்தூர் போல் தொட்டி வேலை நடக்கும் இடங்களில் இதற்கு ஆள் கிடைப்பார்கள். ஒட்டியபின் சிலிகான் காய ஒரு வாரமாவது விடுங்கள். வினிகர் வாசனை முழுக்கப் போகும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகான் மீனுக்கு விஷம்.

வாரா வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்ற வேண்டும்?

25 முதல் 30 சதவீதம். 4 × 2 × 2 தொட்டியில் அது 100 முதல் 120 லிட்டர், 15 லிட்டர் வாளியில் எட்டு வாளி. 6 × 2 × 2 தொட்டியில் பன்னிரண்டு. குழாயும் சின்னப் பம்பும் இல்லாமல் இதை ஆண்டுக்கணக்கில் செய்யப்போவதில்லை என்பதை ஒப்புக்கொண்டே அளவைத் தேர்ந்தெடுங்கள். 2019 கோடையில் சென்னையில் குடிக்கவே லாரியை எதிர்பார்த்து நின்றோம். உங்கள் வீட்டில் ஏப்ரல், மே மாதங்களில் வாரம் 120 லிட்டர் மீனுக்கு ஒதுக்க முடியாதென்றால் தொட்டியைச் சின்னதாக்குங்கள், அல்லது மீன்களைப் பாதியாக்குங்கள்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த டிரம்மில் ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள், அவசரம் என்றால் ஆன்ட்டி குளோரின் ஊற்றுங்கள். போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்த உப்புகளை அளக்கும் கருவி) பாருங்கள். 1000க்கு மேல் காட்டும் தண்ணீரில் டிஸ்கஸ் வேண்டாம். மலாவி சிச்லிட்கள் ஓரளவு ஒத்துப்போகும். மே மாத மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடக்கும், மாற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டருக்கும் தொட்டி அளவுக்கும் என்ன கணக்கு?

மணிக்குத் தொட்டித் தண்ணீர் 4 முதல் 6 முறை ஃபில்டர் வழியாகச் சுற்ற வேண்டும். 450 லிட்டருக்கு மணிக்கு 2,000 லிட்டருக்கு மேல். பம்பின் பெட்டியில் போட்டிருப்பது உயரமே ஏற்றாத நிலையில் வரும் அளவு; 4 அடி ஏற்றினால் பல பம்புகளில் பாதியாகும். ஆகவே 4,000 என்று போட்ட பம்ப் எடுங்கள்.

300 லிட்டர் வரை ஒரு நல்ல கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) போதும். அதற்கு மேல் சம்ப்தான் மலிவு, சுத்தம் செய்யவும் சுலபம். அளவு, தொட்டியில் கால் பங்கு. 4 × 2 தொட்டியின் ஸ்டாண்டுக்குள் 3 × 1.25 × 1.25 சம்ப் உட்காரும், 130 லிட்டர் பிடிக்கும். அதை முழுக்க நிரப்பி ஓட்டுவது எல்லாரும் செய்யும் பிழை. மின்சாரம் போனதும் மேலிருந்து தண்ணீர் இறங்கும். 4 × 2 தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 19 லிட்டர், 6 × 2 தொட்டியில் 28 லிட்டர். இரண்டு அங்குலத்துக்கான இடத்தைச் சம்ப்பில் எப்போதும் காலியாக வையுங்கள். தண்ணீர் திரும்ப ஏறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே 3, 4 மி.மீ. துளை ஒன்று போட்டால், மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து இறக்கம் நின்றுவிடும். துளையில் பாசி அடைக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தொட்டி ஓடத் தொடங்கிய முதல் நாளே மெயினை அணைத்து, சம்ப் வழிகிறதா என்று சோதியுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் பெரிய தொட்டி தாக்குப்பிடிக்குமா?

சின்னதைவிட நன்றாக. 400 லிட்டர் மெதுவாகத்தான் சூடாகும், இரவில் மெதுவாகத்தான் ஆறும். மீனைக் கொல்வது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். ஆனால் வாரக்கணக்கில் அறை 35 டிகிரியில் இருந்தால் எந்தத் தொட்டியும் 31, 32க்கு வந்துவிடும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.2 மி.கி. வரை கரையும் ஆக்ஸிஜன், 32 டிகிரியில் 7.3 மி.கி. தான். மீனுக்கோ சூட்டில் அதிகம் தேவை. மூடியை வலையாக மாற்றி, மேற்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும். ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஈடுகட்ட வேண்டும்.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் இரண்டு. நெரிசலான தொட்டியில் பம்ப் நின்று இரண்டு மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். தாராளமாக இடம் விட்ட தொட்டியில் பல மணி நேரம் தாங்கும். டிஸ்கஸ் இல்லாவிட்டால், ஹீட்டர் பொதுவாக ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில்தான் அவசியம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

40 வாட் பம்ப் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 29 யூனிட். 40 வாட் எல்.இ.டி. 8 மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 80 யூனிட் வரை கூடும். உங்கள் வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருந்தால் அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். சில்லர் வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அறுகோணம், தூண், வளைந்த முகப்பு?

தூண் தொட்டியில் லிட்டர் இருக்கும், நீந்த நீளம் இருக்காது. வளைந்த கண்ணாடி மீனைக் கோணலாகக் காட்டும், கீறினால் மாற்றக் கிடைக்காது. செவ்வகமே வாங்குங்கள்.

முதல் தொட்டியே 4 அடியாக வாங்கலாமா?

தாராளமாக. கவனப் பிசகைப் பெரிய தொட்டி கொஞ்சம் மன்னிக்கும், 40 லிட்டர்த் தொட்டி மன்னிக்காது. அவசரம்தான் கூடாது. ஃபில்டரில் நன்மை செய்யும் பாக்டீரியா வளர்ந்து அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குமுன் முழு எண்ணிக்கை மீனை விட்டால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாவு தொடங்கும்.

பழைய பெரிய தொட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

மூலைகளில் சிலிகானை நகத்தால் அழுத்துங்கள். ரப்பர்போல் மீண்டு வந்தால் நல்லது. காய்ந்து ஓரம் உரிந்தால், அல்லது ஒட்டிய இடத்துக்குள் வெள்ளைக் குமிழ்கள் தெரிந்தால் முழுக்கப் பிரித்து ஒட்ட வேண்டியிருக்கும், அந்தக் கூலியை விலையில் கழியுங்கள். பழைய சிலிகானின் மேல் புதியது ஒட்டாது, மேல்பூச்சாக ஒரு கோடு இழுத்துத் தருகிறேன் என்பதை நம்ப வேண்டாம். கண்ணாடி ஓரத்தில் விரல் நகம் அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள், விரிசல் அங்கிருந்துதான் ஓடும். வாங்கியபின் வீட்டுக்குள் ஏற்றுமுன், மொட்டைமாடியில் அல்லது கார் நிறுத்துமிடத்தில் சமமான பலகையின் மேல் தெர்மாக்கோல் விரித்து விளிம்புவரை நிரப்பி 48 மணி நேரம் வையுங்கள். அடியில் செய்தித்தாள் போட்டிருந்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும்.